ஸ்டீயரிங் அலைகிறதா? 'அலைன்மென்ட் பண்ணிட்டா சரியாகிடும்' என்பது எவ்வளவு உண்மை?

மைசூரு ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் போகும்வரை உங்கள் ஸ்போர்ட்ஸ் கார் சமர்த்தாகத்தான் இருக்கும். பெங்களூரு எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி 100-ஐத் தொட்டதும் கதை மாறுகிறது. கார் கொஞ்சம் இடது பக்கம் நழுவுகிறது. நீங்கள் திருப்புகிறீர்கள். உடனே வலது பக்கம் நழுவுகிறது. மறுபடி திருப்புகிறீர்கள். மண்டியா தாண்டுவதற்குள் தோள்பட்டை வலிக்க ஆரம்பித்துவிடும்.

நண்பர்களிடம் சொன்னால் வரும் பதில் ஒன்றுதான்: "அலைன்மென்ட் போயிருக்கும் மச்சி, போட்டுடு, சரியாகிடும்."

சில நேரம் சரியாகிவிடும். பல நேரம் ஆகாது. காசு கொடுத்து அலைன்மென்ட் செய்துவிட்டு, அடுத்த வாரமே அதே அலைச்சலோடு திரும்பி வருபவர்கள் நிறைய பேர். காரணம் எளிமையானது. அலைன்மென்ட் என்பது முதலில் ஓர் அளவீடு, அதற்குப் பிறகுதான் சிகிச்சை. தேய்ந்துபோன பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு கோணத்தை மட்டும் சரிசெய்தால், அந்தக் கோணம் கடையின் வாசலைத் தாண்டும்வரைகூட நிற்காது.

அப்போ அலைன்மென்ட் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது? கடைக்குப் போகும் முன் நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? கடையில் என்ன கேட்க வேண்டும்?

ஒரு டிகிரி தவறினால் என்ன ஆகும்?

முதலில் இது ஏன் முக்கியம் என்று பார்த்துவிடுவோம்.

தேசிய நெடுஞ்சாலை 275-ன் பகுதியான பெங்களூரு - மைசூரு எக்ஸ்பிரஸ்வே 2023 மார்ச் 12 அன்று திறக்கப்பட்டது. நீளம் சுமார் 118 கி.மீ. முன்பு மூன்று மணி நேரம் பிடித்த பயணம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. திறந்த சில மாதங்களிலேயே விபத்துகள் பெரிய பேச்சானதால், 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரதான பாதையில் பைக், ஆட்டோ, டிராக்டர் போன்றவற்றுக்குத் தடை வந்தது. கார்களுக்கான வேக வரம்பு 100 கி.மீ.

100 கி.மீ. வேகம் என்றால் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் வழக்கமாக 3.5 மீட்டர். உங்கள் கார் 1.8 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் மிஞ்சுவது தலா 85 செ.மீ. மட்டுமே.

இப்போது கார் நேர்கோட்டிலிருந்து வெறும் ஒரு டிகிரி விலகுகிறது என்று வையுங்கள். ஒரு நொடியில் பக்கவாட்டில் சுமார் 48 செ.மீ. நகர்ந்திருக்கும். இரண்டு நொடி முடிவதற்குள் டயர் கோட்டைத் தாண்டிவிடும். போனில் வந்த மெசேஜை ஓரக்கண்ணால் பார்க்கும் நேரம் அவ்வளவுதான்.

ஊருக்குள் இதே பிரச்சினை தெரியாது. 40 கி.மீ. வேகத்தில் அதே ஒரு டிகிரிக்கு நகர்வு நொடிக்கு 20 செ.மீ.க்கும் குறைவு. உங்கள் கை தானாகவே சரிசெய்துவிடும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள்.

ஊட்டி போகும் மலைப்பாதையிலும் தெரியாது. கல்ஹட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் அழுத்தத்தில்தான் இருக்கும். மூட்டுகளில் இருக்கும் ஆட்டம் அந்த அழுத்தத்தில் அடங்கிவிடும். "மலையில சூப்பரா ஓடுச்சே, ரோடுல மட்டும் ஏன் இப்படி?" என்று குழம்ப வேண்டாம். நேரான சாலையில், அழுத்தம் இல்லாதபோதுதான் ஆட்டம் வெளியே தெரியும்.

இழுப்பதும் அலைவதும் ஒன்றா?

இல்லை. கடையில் போய் "ஸ்டீயரிங் சரியில்லை" என்று சொன்னால் போதாது. நான்கு தனித்தனி நோய்கள் இருக்கின்றன.

• இழுப்பது: கார் எப்போதும் ஒரே பக்கம் போகிறது. டயர் காற்று, டயரின் உள்கட்டமைப்பு, விடாமல் உரசும் பிரேக், இடது - வலது கோண வித்தியாசம் ஆகியவை காரணமாகலாம்.

• அலைவது: ஒருமுறை இடது, ஒருமுறை வலது. விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூட்டுகளில் ஆட்டம், தவறான டோ, குறைந்த காஸ்டர், டயர் ஆகியவை காரணமாகலாம்.

• ஸ்டீயரிங் கோணலாக இருப்பது: கார் நேராகத்தான் போகிறது, ஆனால் ஸ்டீயரிங்கில் இருக்கும் லோகோ சாய்ந்து நிற்கிறது. இது பெரும்பாலும் அலைன்மென்ட் விஷயமே.

• நடுங்குவது: 80, 90-க்கு மேல் ஸ்டீயரிங் உதறுகிறது. இது பெரும்பாலும் வீல் பேலன்சிங் அல்லது வளைந்த அலாய். இதற்கு அலைன்மென்ட் போட்டுப் பயனில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. மழைநீர் வடிய நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவாகப் போடப்படுகின்றன. நாம் இடது பக்கம் ஓட்டுவதால் எந்த காரும் மெல்ல இடது பக்கம் சரிவது இயல்புதான். அதை நோய் என்று நினைத்துவிட வேண்டாம்.

மைசூருவில் கன்னடம் மட்டுமே தெரிந்த மெக்கானிக்கிடம் போனால், "எடக்கே எளெயுத்தே" என்றால் இடது பக்கம் இழுக்கிறது, "பலக்கே எளெயுத்தே" என்றால் வலது பக்கம். அலைவது என்றால் கையால் இரண்டு பக்கமும் காட்டிவிடுங்கள். அந்த ஒரு வேறுபாடு அவருடைய வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

டோ, கேம்பர், காஸ்டர்: மூன்றே மூன்று கோணங்கள்

அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

டோ: மேலிருந்து பார்க்கும் கோணம். உங்கள் இரண்டு பாதங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை விரல்கள் உள்நோக்கித் திரும்பினால் 'டோ இன்', வெளிநோக்கி விரிந்தால் 'டோ அவுட்'. முன் சக்கரங்கள் வெளிநோக்கி விரிந்திருந்தால், கார் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் திரும்பத் தயாராகவே நிற்கும். சின்ன மேடு, சின்னக் காற்று போதும், அது திரும்பத் தொடங்கிவிடும். வளைவில் சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக ரேஸ் கார்களில் இதை வேண்டுமென்றே கொஞ்சம் வைப்பார்கள். எக்ஸ்பிரஸ்வேயில் அதுவே தொல்லை.

டயரைத் தின்பதும் முக்கியமாக டோதான். ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தால், கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. மைசூருவிலிருந்து பெங்களூரு போய்ச் சேர்வதற்குள் ஒரு கிலோமீட்டருக்குச் சமமான தேய்ப்பு!

காஸ்டர்: பக்கவாட்டிலிருந்து பார்க்கும் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் நேர்செங்குத்தாக இருக்காது, மேல் பகுதி ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால்தான் ஓடும் சைக்கிளின் ஹேண்டில் தானாக நேரே வரப் பார்க்கிறது. காரிலும் அதே சாய்வு உண்டு. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புவது இதனால்தான். காஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் லேசாக இருக்கும், ஆனால் நடுவை அது தேடாது. நீங்கள்தான் தேட வேண்டும்.

கேம்பர்: முன்னாலிருந்து பார்க்கும் கோணம். சக்கரத்தின் மேல் பகுதி உள்ளே சாய்ந்தால் 'நெகட்டிவ்', வெளியே சாய்ந்தால் 'பாசிட்டிவ்'. ஸ்போர்ட்ஸ் கார்களில் வளைவில் பிடிப்பு கிடைக்க நெகட்டிவ் கேம்பர் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். டயரின் உள்விளிம்பு சற்றுச் சீக்கிரம் தேய்வதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது டிசைன். ஆனால் இடதும் வலதும் வித்தியாசப்பட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

சுருக்கமாக: அலைவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியவை டோவும் காஸ்டரும். கேம்பர் அடுத்தபடி.

ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை?

முதல் காரணம் டயர். மாருதி ஸ்விஃப்டின் அடிப்படை மாடல்களில் டயர் அகலம் 165 மி.மீ. போர்ஷே 718 கேமனின் 18 அங்குல வீலில் முன்னால் 235 மி.மீ., பின்னால் 265 மி.மீ. அகலமான, பக்கச்சுவர் குறைவான டயர் சாலையின் ஒவ்வொரு கோட்டையும் படிக்கும். லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான தடம், கான்கிரீட்டில் நீளவாக்கில் போட்ட கீறல், இரண்டு தார் அடுக்குகள் சேரும் விளிம்பு என எதைத் தொட்டாலும் அதன் வழியே போகப் பார்க்கும். தண்டவாளத்தில் டிராம் போவது மாதிரி. இது அலைன்மென்ட் கோளாறே இல்லை, டயரின் குணம். கெட்ட அலைன்மென்ட் இந்தக் குணத்தைப் பெரிதாக்கும். நல்ல அலைன்மென்ட் அதைக் குறைக்கும், முழுசாக நீக்காது.

இரண்டாவது காரணம் பின் சக்கரங்கள். பல சாதாரண சின்ன கார்களில் பின் அச்சு ஒரே துண்டு, அங்கே திருகுவதற்கு எதுவும் இருக்காது. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனி சஸ்பென்ஷனில் நிற்கும். அங்கேயும் டோ மாறும். பின்னால் டோ அவுட் வந்துவிட்டால், காரைப் பின்னாலிருந்து யாரோ ஓட்டுவது போல இருக்கும். முன்னால் எவ்வளவு சரிசெய்தாலும் அலைச்சல் நிற்காது.

மூன்றாவது, நாமே செய்யும் வேலை. செகண்ட் ஹேண்டில் வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் முந்தைய உரிமையாளர் லோயரிங் ஸ்பிரிங் போட்டிருப்பார், அகல அலாய் மாட்டியிருப்பார். காரை 3 செ.மீ. தாழ்த்தினால் சஸ்பென்ஷன் கைகளின் கோணம் மாறும். அதோடு டோவும் கேம்பரும் மாறும். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகவே திரும்பவும் ஆரம்பிக்கலாம். ஆஃப்செட் மாறிய அலாய், டயர் ஸ்டீயரிங்கை இழுக்கும் விசையையே மாற்றிவிடும். இப்படி மாற்றிய காரை வாங்கினால், அலைன்மென்ட் கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டிய தகவல் இதுதான்.

மைசூருவைச் சுற்றியுள்ள சாலைகள்

மைசூருவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு வார இறுதி என்றால் இரண்டு திசைகள். ஒன்று குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக ஊட்டி. இன்னொன்று சாமராஜநகர், திம்பம் வழியாக சத்தியமங்கலம், கோவை.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் அலைன்மென்ட்டைக் கெடுக்காது. வளைவு சஸ்பென்ஷனின் வேலை, அதற்குத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. கெடுப்பது திடீர் அடி. பந்திப்பூர் காட்டுக்குள் விலங்குகளுக்காகப் போட்டிருக்கும் வேகத்தடைகள் வரிசையாக வரும். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தச் சாலை மூடப்படும் என்பதால், கேட் மூடுவதற்குள் தாண்டிவிடும் அவசரத்தில் பலர் பிரேக் போடாமல் ஏறி இறங்குவார்கள். மழைக்காலக் குழிகள், பார்க்கிங்கில் ஏறி இறங்கும் நடைபாதை விளிம்பு ஆகியவையும் அப்படித்தான்.

ஸ்விஃப்டில் அந்த அடியின் ஒரு பகுதியை டயரின் உயரமான பக்கச்சுவர் வாங்கிக்கொள்ளும். தாழ்வான டயரில் வாங்கிக்கொள்ள ரப்பரே இல்லை. அடி நேராக அலாய்க்கு, அங்கிருந்து டை ராடுக்கு, லோயர் ஆர்முக்குப் போகிறது.

கடைக்குப் போகும் முன்: அரை மணி நேரப் பரிசோதனை

இதில் பாதியை நீங்களே செய்யலாம்.

1. காற்று: டயர் குளிர்ந்திருக்கும் நேரத்தில், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து நிரப்புங்கள். முன்னும் பின்னும் வேறு அளவாக இருக்கலாம். "எல்லாத்துக்கும் 35 வச்சிடுங்க" என்று சொல்லிவிட வேண்டாம். பின் டயரில் காற்று குறைந்தாலே கார் அலையும்.

2. டயரின் வயது: பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வார இறுதியில் மட்டும் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பட்டன் ஆழமாக இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். மைசூரு டயருக்குப் பேர்போன ஊர். விக்ராந்த் டயர்ஸ் இங்கேதான் பிறந்தது, 1997-ல் ஜே.கே. டயர் கைக்குப் போனது. பழைய டயரை ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்க இங்கே அனுபவசாலிகளுக்குப் பஞ்சமில்லை.

3. நான்கும் ஒரே ஜோடியா? முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி, அதிலும் இடது பக்கம் புதுசு, வலது பக்கம் பழசு என்றால் கார் நேராகப் போகாது. குறைந்தபட்சம் ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

4. தேய்மானத்தைத் தடவிப் பாருங்கள்: உள்ளங்கையை டயரின் குறுக்கே இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழ, எதிர்த் திசையில் ரம்பம் போல இருந்தால் டோ தவறு. ஒரு விளிம்பு மட்டும் மொட்டை என்றால் கேம்பர் அல்லது டோ. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங்.

5. ஆட்டம்: இதை மெக்கானிக்கை வைத்து, காரைத் தூக்கிவிட்டுச் செய்ய வேண்டும். சக்கரத்தை 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் டை ராடு எண்டு அல்லது ஸ்டீயரிங் ரேக்கைச் சந்தேகப்படலாம். 12 மணி, 6 மணி இடங்களில் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். லோயர் ஆர்ம் புஷ்களில் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின் சக்கரங்களிலும் இதையே செய்யச் சொல்லுங்கள், பலர் அங்கே பார்ப்பதே இல்லை.

ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட்டை அன்றைக்கே போட வேண்டாம். பாகத்தை மாற்றிய பிறகுதான். கிழிந்த புஷ்ஷோடு அளந்தால், நிற்கும்போது ஒரு கோணம், ஓடும்போது இன்னொரு கோணம், பிரேக் போட்டால் மூன்றாவது கோணம். எந்தக் கோணத்தைச் சரிசெய்வது?

இன்னொன்று: அலைகிறதா என்று எக்ஸ்பிரஸ்வேயில் கையை எடுத்துப் பார்க்காதீர்கள். சமமான, ஆளில்லாத சாலையில் 40, 50 கி.மீ. வேகத்தில், கை ஸ்டீயரிங்கின் மேலேயே தளர்வாக இருக்கும்படி பார்த்தால் போதும்.

கடையில் என்ன நடக்க வேண்டும்?

இப்போது பெரும்பாலான கடைகளில் 3டி மெஷின்தான். நான்கு சக்கரங்களிலும் பலகைகளை மாட்டுவார்கள், எதிரே இருக்கும் கேமராக்கள் அவற்றைப் படிக்கும். மெஷின் எவ்வளவு புதுசு என்பதைவிட முக்கியம், வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பது.

• முதலில் உங்கள் காரின் மாடல், ஆண்டு, சஸ்பென்ஷன் வகை ஆகியவற்றை மெஷினில் சரியாகத் தேர்வு செய்ய வேண்டும். சாதாரண மாடலுக்கும் ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் மாடலுக்கும் எண்கள் வேறு. தவறான மாடலை எடுத்தால் பச்சை நிறம் வந்தாலும் அர்த்தமில்லை.

• பலகைகளை மாட்டிய பிறகு காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டுவார்கள். அலாயில் இருக்கும் சின்ன வளைவைக் கணக்கிலிருந்து கழிக்க இது தேவை.

• ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி காஸ்டரை அளக்க வேண்டும். பல கடைகளில் நேரமாகும் என்று இதை விட்டுவிடுவார்கள். அலைச்சல் புகாரோடு போகும் நீங்கள் விடக் கூடாது. "காஸ்டரும் பாருங்க" என்று கேளுங்கள்.

• பிறகு ஸ்டீயரிங்கை நேராக வைத்து லாக் செய்வார்கள்.

• சரிசெய்வது எப்போதும் பின்னாலிருந்து முன்னால். பின் சக்கரங்கள் காட்டும் திசைதான் கார் உண்மையில் போகும் திசை. பின் சக்கரங்கள் கொஞ்சம் வலது பக்கம் பார்த்தால் கார் நண்டு மாதிரி சாய்ந்து ஓடும், அதை ஈடுகட்ட ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். பின்னால் சரிசெய்துவிட்டு, அதற்கேற்ப முன்னால் டோ வைப்பதுதான் முறை. முன்பக்க டோவை மட்டும் திருகிவிட்டு அனுப்பினால், அது பாதி வேலை.

சில கம்பெனிகள் இருக்கைகளில் குறிப்பிட்ட எடை வைத்து, டேங்க் நிரப்பி அளக்கச் சொல்கின்றன. பி.எம்.டபிள்யூ-வின் பல மாடல்கள் இதற்கு உதாரணம். ஆள் ஏறினால் கார் எவ்வளவு தாழுமோ, அந்த உயரத்தில்தான் கோணங்கள் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். அதற்காகக் கடைக்கு மூட்டை தூக்கிப் போக வேண்டாம். டிக்கியில் தேவையில்லாத சாமான்களை எடுத்துவிட்டு, பெட்ரோல் நிரப்பிப் போனாலே பாதி நன்மை.

காரைக் கொண்டுபோகும் முன் போன் செய்து, "தாழ்வான கார், ரேம்ப்பில் முன்பக்கம் இடிக்காமல் ஏறுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'பெண்ட் எடுக்கிறோம்' என்றால்?

இது நம் ஊர்க் கடைகளுக்கே உரிய ஒரு வழக்கம். கேம்பர் சரியில்லை என்றால் ஜாக்கி வைத்து வளைத்து, எண்ணைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

கேம்பரை மாற்ற போல்ட் கொடுத்திருக்கும் கார் என்றால் அதன் வழியே மாற்றட்டும். அப்படி எந்த வசதியும் இல்லாத காரில் கேம்பர் வெளியே போயிருக்கிறது என்றால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வளைந்த பாகத்தை எதிர்ப் பக்கம் வளைப்பது நிவாரணம் ஆகாது. அதிலும் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் சஸ்பென்ஷன் கைகள் அலுமினியம். இரும்பைப் போல வளைத்து நிமிர்த்தும் உலோகம் அல்ல அது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். "வேண்டாம், எந்த பாகம் வளைஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்பதே சரியான பதில்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

வேலை முடிந்ததும் பிரிண்ட் கேளுங்கள். கன்னடத்தில் "பிரிண்ட் கொடி" என்றால் போதும். செய்வதற்கு முன் இருந்த எண்கள், செய்த பிறகு இருக்கும் எண்கள் இரண்டும் அதில் இருக்க வேண்டும். 'முன்' எண்கள்தான் உங்களுக்கு மிக முக்கியம். அவை எல்லாமே ஏற்கெனவே சரியாக இருந்திருந்தால், உங்கள் அலைச்சலுக்குக் காரணம் அலைன்மென்ட் இல்லை. அந்தப் பணம் வீண் இல்லை, ஒரு சந்தேகத்தை நீக்கியிருக்கிறது.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

எண்ணின் அலகு: 0.10° என்பதும் 0°10' என்பதும் ஒன்றல்ல. முதலாவது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது 10 நிமிடம், அதாவது 60-ல் 10 பங்கு, கிட்டத்தட்ட 0.17 டிகிரி. பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் ஒப்பிடும்போது இதில் ஏமாந்துவிடுவது சுலபம்.

இடது - வலது வித்தியாசம்: ஒரு உதாரணம். இடது காஸ்டர் 5.2 டிகிரி, வலது 6.4 டிகிரி, அனுமதிக்கப்பட்ட அளவு 5 முதல் 7 வரை என்று வையுங்கள். இரண்டும் பச்சைதான். ஆனால் வித்தியாசம் 1.2 டிகிரி. பல கார்களில் இது அரை டிகிரியைத் தாண்டக் கூடாது. இந்த கார் காஸ்டர் குறைவாக இருக்கும் பக்கம், அதாவது இடது பக்கம் இழுக்கும். 'எல்லாம் பச்சை சார்' என்பது முழு பதில் இல்லை.

பின்பக்க டோ: அளவு 'டோ இன்' பக்கம் இருக்க வேண்டிய காரில் சுழியத்தைத் தாண்டி 'டோ அவுட்' பக்கம் போயிருந்தால், தேடிய குற்றவாளி அங்கேதான் இருக்கிறார்.

அந்தத் தாளை போனில் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது அதே எண் அதே திசையில் நகர்ந்திருந்தால், ஏதோ ஒரு மூட்டு மெல்லத் தளர்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எல்லாம் செய்தும் அலைந்தால்?

மின்சார பவர் ஸ்டீயரிங், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கும் கார்களில், ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங்கின் நடு மாறினால், அந்த சென்சாருக்கும் 'இதுதான் நடு' என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கலாம். முன் கண்ணாடியில் கேமரா வைத்து லேன் பார்க்கும் கார்களில் சில மாடல்களுக்கு அந்த கேமராவையும் மறுபடி அளவுபடுத்தச் சொல்கிறார்கள். இதற்கு ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

அதுவும் சரி என்றால் டயரைச் சந்தேகியுங்கள். இழுக்கும் காரில் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது பழைய வழி. இழுப்பு எதிர்ப் பக்கம் போனால் டயர்தான் காரணம். ஆனால் சுழலும் திசை அம்புக்குறி போட்ட டயர்களையும், உள்பக்கம் - வெளிப்பக்கம் என்று குறித்த டயர்களையும் சும்மா மாற்றிப் போட முடியாது. முன்னும் பின்னும் அகலம் வேறாக இருந்தால் முன்னால் பின்னால் மாற்றவும் முடியாது. அப்போது அதே அளவுள்ள வேறு செட் வீல் போட்டுப் பார்ப்பதே வழி.

எவ்வளவு செலவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

சாதாரண காருக்கு அலைன்மென்ட் சில நூறு ரூபாயில் முடியும். நான்கு பக்கமும் திருகும் வசதி இருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு நேரமும் அதிகம், தொகையும் அதிகம், ஆயிரங்களில் போகலாம். பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஒரு செட் அகல டயர் லட்சத்தைத் தாண்டுவதைப் பார்த்தால் இது சின்னத் தொகைதான்.

பொதுவாக 10,000 கி.மீ.க்கு ஒருமுறை அளந்தால் போதும். அதோடு, பலமான குழியில் விழுந்த பிறகு, டை ராடு, லோயர் ஆர்ம், ஸ்பிரிங் போன்ற எதையாவது மாற்றிய பிறகு, புது டயர் போடும்போது அளக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள். கோணங்கள் அளவுக்குள் வர மறுக்கும் கார், பெரிய விபத்தில் அடிபட்டு வந்திருக்க வாய்ப்பு உண்டு. பாலிஷ் போட்ட பெயின்ட் அதைச் சொல்லாது, அந்தத் தாள் சொல்லிவிடும்.

வரிசையை மட்டும் மறக்காதீர்கள்: காற்று, டயர், ஆட்டம், அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட். அந்த வரிசை முடியும்வரை பெங்களூருக்கு ரயிலில் போகலாம். காரை எடுத்தே ஆக வேண்டும் என்றால், கையைத் தளரவிடாமல் இடது லேனில் 80-க்குள் போங்கள். 100 கி.மீ. வேகத்தில் கோட்டைத் தாண்ட இரண்டு நொடிகூட ஆகாது.